புதிய மருந்துகள் எப்படி உருவாகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆராய்ச்சி பற்றிய செய்தி வராத வாரமே இல்லை என்றாகிவிட்டது. "நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று மறுநாளே விசாரிக்கத் தொடங்கும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் ஒருவர் நோயில் படுத்திருக்கும்போது அப்படி விசாரிக்கத்தான் தோன்றும். அண்மைக்காலத்தில் உண்மையிலேயே என்ன நடந்திருக்கிறது, எது கைக்கு வந்துவிட்டது, எது இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன.

மருந்து கண்டுபிடிப்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் ஓர் இலக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இலக்கு என்பது பெரும்பாலும் ஒரு புரதம். உடலில் ஏதோ ஒரு வேலையைச் செய்யும் நொதியாகவோ, செல்லின் மேற்பரப்பில் அமர்ந்து செய்தி வாங்கும் ஏற்பியாகவோ அது இருக்கலாம். அந்தப் புரதத்தின் வேலையைத் தடுத்தாலோ தூண்டிவிட்டாலோ நோய் அடங்கும் என்ற ஊகத்தில் இருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. அதன் பிறகு, அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு எது என்று தேடுகிறார்கள்.

இந்தத் தேடல் நடக்கும் அறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 384 சிறு குழிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குழியிலும் இலக்குப் புரதம் கலந்த ஒரு சொட்டுத் திரவமும், அதில் வெவ்வேறு வேதிப்பொருள் ஒன்றும் இருக்கும். இயந்திரக் கை ஒன்று தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒளி அளக்கும் கருவிக்குள் வைக்கும். நூற்றுக்கணக்கான குழிகள் ஒரே அளவில் ஒளிரும்போது எங்கோ ஒரு குழி மட்டும் மங்கித் தெரிந்தால், அங்கே உள்ள வேதிப்பொருள் புரதத்தின் வேலையைத் தடுத்திருக்கிறது என்று பொருள். இப்படிப் பல லட்சம் பொருள்களைச் சோதித்தால் சில நூறு தேறும். அவற்றிலும் பெரும்பாலானவை மறுசோதனையில் விழுந்துவிடும்.

மிஞ்சிய மூலக்கூறு அப்போதும் மருந்தாகிவிடாது. அது வயிற்றில் கரைய வேண்டும், குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர வேண்டும், கல்லீரல் அதை உடனே சிதைத்துவிடக் கூடாது, இதயத் துடிப்பைக் குலைக்கக் கூடாது. இவற்றுள் ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கெட்டுவிடும். வேதியியலாளர்கள் ஓர் அணுவைச் சேர்த்தும் இன்னோர் அணுவை நீக்கியும் ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலை இதுதான்.

இலக்கு சரியானதுதான் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

முழு உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய உதவி, மனித மரபணுக்களில் இருந்தே வந்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்.

பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டு, பரம்பரையாக இரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிக அதிகமாக இருந்த பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் மாற்றம் இருப்பது தெரியவந்தது. அவர்களுக்கு அந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்தது. அப்படியானால் அது குறைவாக வேலை செய்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்ற கேள்வியை அமெரிக்காவில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் ஆகியோரின் குழு எழுப்பியது. அந்த மரபணு பிறவியிலேயே பழுதாகியிருந்த கறுப்பினத்தவரிடம் கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவாகவும், இதயத் தமனி நோயின் வாய்ப்பு 88 சதவீதம் குறைவாகவும் இருந்ததை 2006ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டார்கள். மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்ற சோதனையை இயற்கையே பல தலைமுறைகளாக நடத்தி முடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் புரதத்தைப் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஊசிகள் 2015இல் ஒப்புதல் பெற்றன. தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டே முறை போட்டுக்கொள்ளும் இன்க்ளிசிரன் ஊசி, அந்தப் புரதம் உருவாவதற்கான ஆர்.என்.ஏ. செய்தியையே கல்லீரலில் அழித்துவிடுகிறது.

எல்லாக் கதையும் இவ்வளவு நேராகப் போவதில்லை. பிறவியிலேயே வலி உணராத சிலருக்கு நரம்புச் செல்லுக்குள் சோடியத்தை விடும் ஒரு வாயில் புரதம் வேலை செய்வதில்லை என்று 2006இல் கண்டறிந்தார்கள். அதே வாயிலை அடைக்கும் மருந்துகளுக்காக எத்தனையோ நிறுவனங்கள் உழைத்தும் பலன் கிட்டவில்லை. பிறகு அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வாயிலைக் குறிவைத்த சுசெட்ரிஜின் என்ற மருந்துதான், திடீர் வலிக்கான ஓபியம் சாராத மாத்திரையாக 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

செயற்கை நுண்ணறிவு இந்தத் துறையில் எதைச் சாதித்திருக்கிறது?

ஒரு பெரிய சாதனை ஐயத்துக்கு இடமின்றி நிகழ்ந்திருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட மாலை. அந்த மாலை தனக்குத்தானே மடிந்து, சுருண்டு, ஒரு குறிப்பிட்ட முப்பரிமாண வடிவத்துக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும். மாலையின் வரிசையைப் படிப்பது எளிது. அது எந்த வடிவத்தில் மடியும் என்று கணிப்பது அரை நூற்றாண்டாக விடை கிடைக்காத புதிராக இருந்தது. வடிவத்தைக் காண வேண்டுமானால் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்க்க வேண்டும், அல்லது உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். படிகமாக மறுக்கும் ஒரே ஒரு புரதத்தோடு தங்கள் முனைவர் பட்டக் காலம் முழுவதையும் கழித்த மாணவர்கள் உலகெங்கும் உண்டு. அப்படிப் பல்லாண்டு உழைப்பில் 2020 வரை சேர்ந்த வடிவங்கள் ஏறத்தாழ 1,70,000.

அந்த ஆண்டின் இறுதியில், கணிப்பு முறைகளை ஒப்பிடும் பன்னாட்டுப் போட்டியில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்ட் 2 என்ற நிரல், ஆய்வுக்கூட அளவீட்டுக்கு நிகரான துல்லியத்தைப் பல புரதங்களில் எட்டியது. 2022 ஜூலையில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும் வகையில் வெளியிடப்பட்டன. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும், மறு பாதி இயற்கையில் இல்லாத புரதங்களைப் புதிதாக வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் கிடைத்தது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அந்த நிரல் முதன்மையாகக் கற்றுக்கொண்டது மேலே சொன்ன 1,70,000 வடிவங்களில் இருந்துதான். கண்டறிந்த வடிவங்களைப் பூட்டி வைக்காமல் 1971 முதல் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்த ஆய்வாளர்கள் இல்லையென்றால், எந்தக் கணினிக்கும் கற்க எதுவும் இருந்திருக்காது.

அப்படியானால் இனி கணினியே மருந்து கண்டுபிடித்துவிடுமா?

வடிவம் தெரிவது, பூட்டின் உள்ளமைப்பு தெரிவதைப் போன்றது. எந்தப் பூட்டைத் திறக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. மனித உடலில் ஒரு மூலக்கூறு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கான தரவு, புரத வடிவங்களுக்கு இருப்பதைப் போல ஒழுங்காகவும் ஏராளமாகவும் இன்னும் சேரவில்லை.

ஆயினும் தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே இருக்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஒரு நோய்க்காக, இலக்கையும் மூலக்கூறையும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தேர்ந்தெடுத்து இன்சிலிகோ மெடிசின் நிறுவனம் உருவாக்கிய ரென்டோசெர்டிப் என்ற மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனை முடிவு 2025இல் வெளியானது. 71 நோயாளிகள் பங்கேற்றனர். 12 வாரங்களில், அதிக அளவு மருந்து பெற்றவர்களின் மூச்சுக் கொள்ளளவு சராசரியாக 98 மில்லிலிட்டர் கூடியது. போலி மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்படும், மருந்துச் சத்து இல்லாத பொருள்) பெற்றவர்களுக்கு 20 மில்லிலிட்டர் குறைந்தது. முடிவு நன்றாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 71 பேரும் 12 வாரமும் மிகச் சிறிய எண்கள். பெரிய சோதனையில் இது நிலைக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே மருந்து என்று அழைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"மருந்தே கொடுக்க முடியாது" என்று கைவிட்ட இலக்குகள் இப்போது வசப்படுகின்றன என்கிறார்களே?

ஆம். கே-ராஸ் என்ற புரதம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ராஸ் மரபணுக்களின் கோளாறு மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று 1982இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் புரதத்தின் மேற்பரப்பு வழவழப்பான உருண்டையைப் போன்றது. ஒரு மூலக்கூறு போய்ப் பொருந்திக்கொள்ள அதில் குழியே தென்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், கெவான் ஷோகாட்டின் குழு ஒரு சிறு வழியைக் கண்டது. இந்தப் புரதத்தின் ஒரு வகைக் கோளாறில், 12ஆம் இடத்தில் இருக்க வேண்டிய கிளைசின் போய் அங்கே சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வந்துவிடுகிறது. சிஸ்டீனில் உள்ள கந்தக அணு வேறொரு மூலக்கூறோடு நிரந்தரமாகப் பிணையக்கூடியது. அதைக் கொக்கியாகப் பிடித்துக்கொண்டால், அதுவரை கண்ணில் படாதிருந்த ஒரு குழி அதன் அருகே திறப்பதை அவர்கள் கண்டார்கள். நலமான செல்களில் அந்தச் சிஸ்டீன் இல்லை என்பதால் மருந்து அவற்றின் கே-ராஸ் புரதத்தைப் பிடிப்பதில்லை.

இந்த வழியில் வந்த சோட்டோராசிப், 2021 மே மாதம் நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகைக்கு ஒப்புதல் பெற்றது. 124 பேரிடம் நடந்த சோதனையில் ஏறத்தாழ 37 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு ஏழு மாதத்துக்கும் சற்றுக் குறைவு. முப்பது ஆண்டுத் தடை உடைந்ததற்கு முன்னால் ஏழு மாதம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கதவு திறந்துவிட்டதால், மற்ற கே-ராஸ் கோளாறுகளுக்கான மருந்துகளும் இப்போது சோதனையில் உள்ளன.

எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஓராண்டுக்குள் வந்தது எப்படி? எதையாவது தவிர்த்துவிட்டார்களா?

அந்தத் தடுப்பூசிக்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மரபணுவில் இருந்து செல்லின் உற்பத்திக்கூடத்துக்கு எடுத்துச் செல்லும் தூதர். அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து உடலுக்குள் செலுத்தினால், உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி அழற்சியோடு எதிர்த்தது. அதில் உள்ள யூரிடின் என்ற எழுத்தைச் சற்றே மாற்றிவிட்டால் இந்த எதிர்ப்பு அடங்கிவிடும் என்று கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் காட்டினார்கள். அப்போது அதைப் பெரிதாகக் கண்டுகொண்டவர்கள் மிகச் சிலரே. 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எளிதில் சிதையும் இந்தத் தூதரைக் கொழுப்புத் துகளுக்குள் பொதிந்து செல்லுக்குள் சேர்க்கும் நுட்பமும் 2020க்குள் தேறியிருந்தது.

ஆகவே 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியானபோது எழுத வேண்டிய குறிப்பு மட்டுமே பாக்கி இருந்தது. மார்ச் 16 அன்று மாடர்னா தடுப்பூசி முதல் மனிதருக்குப் போடப்பட்டது. சோதனைக் கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ந்தன. தொழிற்சாலைகள் முடிவுக்குக் காத்திராமல் உற்பத்தியைத் தொடங்கின. சேமித்தது காத்திருப்பு நேரத்தைத்தான். ஃபைசர்–பயோஎன்டெக் சோதனையில் 40,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். நோய் கண்ட 170 பேரில் 162 பேர் போலி ஊசி பெற்றவர்கள், 8 பேர் மட்டுமே தடுப்பூசி பெற்றவர்கள். 95 சதவீதம் என்று எல்லோரும் கேட்ட எண் இங்கிருந்துதான் வந்தது.

இதே நுட்பத்தைப் புற்றுநோய்க்கும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். ஒருவரது கட்டியில் மட்டும் காணப்படும் மாற்றங்களைப் படித்து, அவருக்கென்றே ஓர் ஊசியைத் தயாரிக்கும் முயற்சி அது. தோல் புற்றுநோயான மெலனோமாவை அறுவை மூலம் அகற்றிக்கொண்ட 157 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான நோயெதிர்ப்பு மருந்தோடு இந்த ஊசியையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்புவதோ இறப்பு நேர்வதோ ஆகிய ஆபத்து 44 சதவீதம் குறைந்தது. பெரிய அளவிலான மூன்றாம் கட்டச் சோதனை அதைத் தொடர்ந்து தொடங்கியது.

மரபணுவைத் திருத்தி நோயைக் குணப்படுத்துவது நடைமுறைக்கு வந்துவிட்டதா?

வந்துவிட்டது, ஆனால் ஒரு சில நோய்களுக்கு மட்டும். அரிவாள் செல் நோயில், ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் வட்டமான சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, சிறு இரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. அந்த அடைப்பு தரும் வலி தாங்க முடியாதது; அதை அடிக்கடி அனுபவிப்பவர்கள் மருத்துவமனையும் வீடுமாகவே வாழ்நாளைக் கழிக்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் கருவில் இருந்தபோது வேறொரு ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த சில மாதங்களில் பி.சி.எல்.11ஏ என்ற மரபணு அதன் உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. அந்த நிறுத்தியைச் செயலிழக்கச் செய்தால் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கும், பழுதான ஹீமோகுளோபினின் கேட்டை அது ஈடுகட்டும். ஜெனிஃபர் டௌட்னாவும் இம்மானுவேல் சார்பென்டியேவும் 2012இல் வெளியிட்டு 2020இல் நோபல் பரிசு பெற்ற கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிக்கோல் இதைச் சாத்தியமாக்கியது. நோயாளியின் இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, வெளியே வைத்துத் திருத்தி, அவரது எலும்பு மஜ்ஜையைக் கடுமையான மருந்தால் காலி செய்த பின் திரும்பச் செலுத்துகிறார்கள். காஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்க ஒப்புதலின்போது போதிய காலம் கண்காணிக்கப்பட்டிருந்த 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து ஓராண்டாவது கடும் வலி வராமல் இருந்தது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மஜ்ஜையைக் காலி செய்யும் மருந்து மலட்டுத்தன்மையை ஏற்படுத்தக்கூடும். சிகிச்சைக்குப் பல மாதங்களும், மிக உயர்ந்த வசதியுள்ள மருத்துவமனையும், பெரும் செலவும் தேவை. இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் வாழும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு இது இன்னும் எட்டாத தொலைவில் இருப்பது என்னை மிகவும் வருத்துகிறது. செல்களை வெளியே எடுக்காமல், ஊசி வழியாக உடலுக்குள்ளேயே திருத்தும் முறை வந்தால்தான் இந்த நிலை மாறும்.

அந்தத் திசையில் ஒரு முக்கியமான அடி 2025இல் எடுத்து வைக்கப்பட்டது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவை வெளியேற்ற முடியாத, மிக அரிய கல்லீரல் நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அதன் மரபணுவில் இருந்த ஒரே எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கென்று தனியாக ஒரு மருந்தைப் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் குழு ஆறே மாதங்களில் வடிவமைத்துக் கொடுத்தது. கொழுப்புத் துகளில் பொதிந்து ஊசியாகச் செலுத்தப்பட்ட அந்த மருந்துக்குப் பிறகு, குழந்தையால் கூடுதல் புரத உணவைத் தாங்க முடிந்தது; மற்ற மருந்துகளின் அளவும் குறைந்தது. உலகில் ஒரே ஒருவருக்காக உருவான மருந்து அது.

எடை குறைக்கும் ஊசிகள் புதிய கண்டுபிடிப்பா?

இல்லை; நாற்பது ஆண்டுக் கதை அது. உணவு உண்டவுடன் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற இயக்குநீர், இன்சுலினைத் தூண்டுவதோடு போதும் என்ற உணர்வையும் தருகிறது. ஆனால் இரத்தத்தில் அது இரண்டே நிமிடங்களில் பாதியாகச் சிதைந்துவிடும். ஹீலா பல்லியின் நஞ்சில் இதை ஒத்த, நீடித்து நிற்கும் ஒரு பொருள் இருப்பதை ஜான் எங் 1992இல் வெளியிட்டார். அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு 2005இல் நீரிழிவுக்கு ஒப்புதல் பெற்றது. அதை நாளுக்கு இருமுறை போட வேண்டியிருந்தது. இப்போது எடை குறைக்கப் பயன்படும் செமாக்ளூடைடு என்ற மருந்தில் ஒரு கொழுப்பு அமில வாலைச் சேர்த்தார்கள். அந்த வால் இரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், மருந்து பாதியாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. இரண்டு நிமிடம் ஒரு வாரமாக நீண்டது இத்துறையின் பொறுமைக்குக் கிடைத்த பலன்.

68 வாரச் சோதனையில் சராசரி எடைக் குறைவு 14.9 சதவீதம், போலி ஊசி பெற்றவர்களுக்கு 2.4 சதவீதம். இதய நோயும் கூடுதல் எடையும் கொண்ட 17,604 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. நிறுத்தினால், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இது அழகுக்காகச் சில மாதம் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல. நாட்பட்ட நோய்க்கான மருந்து.

அல்சைமர் நோயை மருந்து "27 சதவீதம்" குறைக்கிறது என்றால் என்ன பொருள்?

நோயாளி 27 சதவீதம் தேறிவிடுகிறார் என்று பொருள் அல்ல. லெக்கனெமாப் என்ற எதிர்ப்பொருள், மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளை அகற்றுகிறது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் மருந்து பெற்றவர்களும் போலி மருந்து பெற்றவர்களும் நலிந்தார்கள். மருந்து பெற்றவர்கள் 27 சதவீதம் மெதுவாக நலிந்தார்கள். 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அந்த வேறுபாடு 0.45 புள்ளி. மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. நோயின் போக்கை மாற்ற முடியும் என்று காட்டியது அறிவியலுக்குப் பெரிய செய்திதான். ஆனால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இது வேண்டுமா என்று முடிவெடுக்கும் பிள்ளைகள், 27 என்ற எண்ணை மட்டும் அல்லாமல் 0.45 என்ற எண்ணையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலிகளிடம் பலித்த மருந்து ஏன் மனிதர்களிடம் பலிப்பதில்லை?

எலியின் நோய் பெரும்பாலும் நாம் உண்டாக்கிய நோய். இளம் எலிக்கு ஒரு மரபணுவை மாற்றியோ, கட்டியை ஒட்டவைத்தோ உருவாக்குவதற்கும், எழுபது வயதில் நான்கு நோய்களோடு இருப்பவருக்கு வருவதற்கும் இடைவெளி அதிகம். ஆபத்தும் இப்படியே ஒளிந்திருக்கும். 2006இல் லண்டனில் டி.ஜி.என்.1412 என்ற எதிர்ப்பொருளை, விலங்குகளிடம் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கு மட்டுமே ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் நோயெதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் பொங்கி, உறுப்புகள் பழுதாகின. அனைவரும் உயிர் பிழைத்தனர். முதல்முறை மனிதருக்குக் கொடுக்கும் விதிகள் அதன் பிறகு மிகவும் இறுக்கப்பட்டன. ஸ்டெம் செல்களில் இருந்து வளர்க்கும் சிறு குடல், சிறு கல்லீரல் போன்ற திசு உருண்டைகள் இந்த இடைவெளியைக் குறைக்கத் தொடங்கியுள்ளன. விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிபந்தனையை அமெரிக்கச் சட்டம் 2022 இறுதியில் நீக்கியது.

மூன்று கட்டச் சோதனை இவ்வளவு நீளமாக இருக்கத்தான் வேண்டுமா?

முதல் கட்டத்தில் சில பத்துப் பேரிடம் பாதுகாப்பையும் அளவையும் பார்க்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகளிடம் பலன் தென்படுகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் பெருந்தொகையானோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள். முதல் கட்டத்துக்குள் நுழையும் பத்து மருந்துகளில் ஏறத்தாழ ஒன்றுதான் ஒப்புதல் வரை செல்கிறது.

நீளம் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, மாரடைப்புக்குப் பின் வரும் சீரற்ற துடிப்புக்குக் கொடுத்த மருந்துகளின் கதை. அவை துடிப்பைச் சீராக்கின. அதை இதய வரைபடத்திலேயே கண்ணால் காண முடிந்தது. ஆகவே உயிரையும் காக்கும் என்று நம்பி ஏராளமானோருக்கு எழுதிக் கொடுத்தார்கள். உண்மைதானா என்று முறையாகச் சோதித்தபோது, என்கைனைடு, ஃப்ளெகைனைடு ஆகியவற்றைப் பெற்றவர்களில் 63 பேரும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் போலி மருந்து பெற்றவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். 1989இல் அந்தச் சோதனையின் அந்தப் பகுதி நிறுத்தப்பட்டது. வரைபடம் நன்றாக இருந்தது, நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். போலி மருந்துக் குழு இல்லாதிருந்தால் அந்த இறப்புகளை எல்லாம் இதய நோயின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

பழைய மருந்தைப் புதிய நோய்க்குப் பயன்படுத்துவது சரியா?

சோதித்துப் பார்த்தால் சரி. டெக்சாமெத்தசோன் 1950களில் இருந்தே இருக்கும் மலிவான மருந்து. பிரிட்டனில் நடந்த ரெகவரி சோதனை, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை 2020 ஜூனில் காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே சோதனை சொன்னது. பெரிதும் பேசப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் பலன் தரவில்லை என்று காட்டியதும் அதே சோதனைதான்.

புதிய ஆன்டிபயாட்டிக்குகள் ஏன் அரிதாகவே வருகின்றன?

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. தேவை இவ்வளவு இருந்தும், ஒரு வாரம் மட்டும் கொடுக்கப்படும், கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்கப்படும் மருந்தில் நிறுவனங்களுக்கு வருமானம் வருவதில்லை. ஒப்புதல் பெற்ற பின்னும் நொடித்துப்போன சிறு நிறுவனங்கள் உண்டு. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியைப் பழக்கி, நீரிழிவுக்காக முன்பு ஆராயப்பட்ட ஒரு பொருளில் இருந்து ஹாலிசின் என்ற பாக்டீரியாக் கொல்லியைக் கண்டெடுத்தார்கள். எலிகளிடம் அது பலித்தது. கண்டெடுப்பதற்கு அறிவியல் இருக்கிறது. மனிதச் சோதனை வரை கொண்டுசெல்லப் பணம் போடுவது யார் என்பதற்கு அரசுகள்தாம் விடை சொல்ல வேண்டும்.

சோதனையில் சேர அழைப்பு வந்தால் என்ன கேட்க வேண்டும்?

இது எத்தனையாவது கட்டம், இதுவரை எத்தனை பேர் இந்த மருந்தைப் பெற்றிருக்கிறார்கள், எதோடு ஒப்பிடுகிறார்கள், எனக்குப் போலி மருந்து கிடைக்க வாய்ப்பு உண்டா, இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டுமா, தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, சோதனை முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, உறவினரோடு கலந்து பேசிய பிறகு கையெழுத்திடுவது உங்கள் உரிமை. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. சோதனையில் சேரப் பணம் கட்டச் சொன்னால், அதுவும் "ஸ்டெம் செல் சிகிச்சை" என்ற பெயரில் சொன்னால், மிகுந்த எச்சரிக்கை தேவை. முறையான சோதனைகளில் ஆய்வுக்குரிய மருந்துக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்குவது வழக்கமில்லை. சோதனை பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று கேட்டு, அதன் பதிவு எண்ணை வாங்கி, பொதுப் பதிவேட்டில் நீங்களே பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.